பின்பாரம்: போர்ஷே 911-இன் அறுபது ஆண்டுத் திருத்தங்கள்

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கத் தெரிந்தவர்களிடம் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. அச்சுக்குப் பின்னால் பாரம் கூடிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பும்; வண்டிக்காரர் இறங்கிவந்து இரண்டு மூட்டைகளை முன்னுக்குத் தள்ளிவைத்த பிறகே வண்டியைக் கிளப்புவார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் ட்ஸுஃபன்ஹாவுஸன் பகுதியில் இயங்கும் போர்ஷே நிறுவனம், 1963-இல் அறிமுகப்படுத்தி இன்றுவரை விற்றுவரும் 911 என்ற காரில் அந்த மூட்டையை நகர்த்தவே இல்லை. ஆறு சிலிண்டர் என்ஜின், பின்சக்கரங்களின் அச்சுக்கும் அப்பால், காரின் வால்பகுதியில் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த எட்டுத் தலைமுறைகளையும் ஒரே பொருளாகக் கொண்டு, எந்தத் திருத்தம் பலித்தது, எதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று மதிப்பிட முயல்கிறேன்.

இந்த நிறுவனத்தின் முதல் காரில் என்ஜின் பின்னால் இருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூரில் நிறுவனரின் மகன் ஃபெரி போர்ஷேயின் குழு உருவாக்கிய, 356 என்ற மாடலின் முதல் வண்டியில், ஃபோக்ஸ்வாகன் என்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், அதாவது பாரத்துக்கு மிகப் பொருத்தமான நடுப்பகுதியில் இருந்தது. அப்படி வைத்தால் சாமான் வைக்கவோ சிறு பின்னிருக்கை அமைக்கவோ இடமில்லை. தயாரிப்புச் செலவும் கூடியது. எனவே விற்பனைக்கு வந்த 356-இல் என்ஜின் அச்சுக்குப் பின்னால் போனது. 356-க்கு மாற்றாக வந்த 911 அந்த ஏற்பாட்டை அப்படியே சுவீகரித்தது. ஆகவே இதைப் பொறியாளர்கள் அறியாமல் செய்த பிழை என்று சொல்வது நியாயமாகாது. இரண்டு குழந்தைகள் உட்கார இடம் வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட சுமை அது.

ட்ஸுஃபன்ஹாவுஸனில் 2009-இல் திறக்கப்பட்ட நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் 57-ஆம் எண் கொண்ட சிவப்பு நிற 901 ஒன்று இருக்கிறது. 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டபோது காரின் பெயர் 901 என்றே இருந்தது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்க எண்கள் பிரான்ஸில் தங்களுக்கே உரியவை என்று பியூஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்ததால், சுழியத்தை ஒன்றாக மாற்றி விவகாரத்தை முடித்தார்கள். அதற்குள் பழைய பெயரில் 82 கார்கள் செய்யப்பட்டிருந்தன. 57-ஆம் எண் வண்டி 2014-இல் ஒரு பழைய கொட்டகையில் துருப்பிடித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு மீட்கப்பட்டது. அதன் அருகே நிற்கும்போது முதலில் உறைப்பது அதன் சிறிய உருவம். நீளம் 4163 மில்லிமீட்டர், அகலம் 1610 மில்லிமீட்டர், எடை 1080 கிலோ. இன்றைய 911-இன் அகலமோ 1852 மில்லிமீட்டர். இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் தாத்தாவும் பேரனும் போல இருக்கும், ஆனால் தாத்தா பேரனின் தோளுக்குத்தான் வருவார்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை, ஃபெரியின் மகன் ஃபெர்டினாண்ட் அலெக்ஸாண்டர் போர்ஷே அன்று வரைந்த கோடுதான் இன்றும் இந்தக் காரின் மூலதனம். முன்கண்ணாடியின் உச்சியிலிருந்து வால்வரை முறிவே இல்லாமல் இறங்கும் கூரை. பானெட்டைவிட உயர்ந்து நிற்கும் இரு முன்சக்கர மேடுகள். அவற்றின் நுனியில் நிமிர்ந்த வட்ட விளக்குகள். இவை மூன்றும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. முன்னால் என்ஜின் இல்லாததால் பானெட்டைத் தாழ்த்த முடிந்தது. பானெட் தாழ்ந்ததால் சக்கர மேடுகள் உயர்ந்து தெரிந்தன. வளைவில் சக்கரம் எங்கே நிற்கிறது என்று ஓட்டுநர் கண்ணாலேயே கணிக்க அவை உதவின. பின்பாரத்தின் நன்கொடை என்று இந்த முகத்தைச் சொல்லலாம்.

அதன் தண்டனை வளைவுகளில் கிடைத்தது. வேகமாக வளைவுக்குள் நுழைந்த ஓட்டுநர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், காரின் எடை முன்னுக்குச் சாயும். பின்சக்கரங்களின் பிடிப்பு குறையும். வாலில் இருக்கும் என்ஜின் ஊசல்குண்டுபோல வெளிப்பக்கமாக வீசும். மற்ற கார்களில் தப்பிக்க உதவும் அந்த இயல்பான அச்சமே 911-இல் ஆபத்தை வரவழைத்தது. நேர்ச்சாலையிலோ வேறு தொல்லை: மூக்கு இலேசாக இருந்ததால் அதிவேகத்தில் ஸ்டீயரிங் பிடிமானமின்றித் தவித்தது. இதற்குத் தொழிற்சாலை கண்ட முதல் மருந்து, முன் பம்பரின் இரு மூலைகளிலும் தலா சுமார் 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தது. சிக்கனத்துக்கும் நுணுக்கத்துக்கும் பெயர்பெற்ற ஒரு பொறியியல் கூடத்திலிருந்து, வண்டிக்காரரின் அதே வைத்தியம்! எனக்கு இந்தக் காரின் மீது பிரியம் பிறந்ததே இந்தத் தகவலைப் படித்த அன்றுதான்.

உண்மையான தீர்வு 1969 மாடலில் வந்தது. என்ஜினை அசைக்காமல், பின்சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். சக்கர இடைவெளி 2211-இலிருந்து 2268 மில்லிமீட்டர் ஆயிற்று. என்ஜின் அச்சுக்கு அப்பால் தொங்கிய அளவும் அதற்கேற்பக் குறைந்தது. முன்னால் இருந்த ஒற்றை பேட்டரிக்குப் பதிலாக இரண்டு பேட்டரிகளை, முன் மூலைக்கு ஒன்று என்று பிரித்து வைத்தார்கள். இரும்புக் கட்டிகளின் வேலையை அவை ஏற்றன. 57 மில்லிமீட்டர் என்பது கட்டைவிரலின் நீளம். அந்த அளவுக்கு ஒரு காரின் குணம் மாறும் என்பதை நம்புவது கடினம். ஆனால் 911-ஐ ஆபத்தான வண்டி என்ற நிலையிலிருந்து சிரமமான வண்டி என்ற நிலைக்குக் கொண்டுவந்தது அந்தக் கட்டைவிரல் நீளமே.

அடுத்த பத்தாண்டின் திருத்தங்களில் பெரும்பாலானவை காற்றைப் பற்றியவை. 1972-இல் காட்டப்பட்ட, கரேரா ஆர்எஸ் 2.7 என்ற 911 வகையின் பின்மூடியில் வாத்தின் வால்போல எழும்பிய சிறு தகடு, அதிவேகத்தில் காரின் பின்பகுதி தூக்கப்படுவதைக் கட்டுப்படுத்தியது. பந்தய விதிகளுக்காக 500 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கி 1580 விற்றார்கள். 1976 மாடல் முதல் உடற்கூட்டுக்கு இருபுறமும் துத்தநாகம் பூசிய எஃகைப் பயன்படுத்தியது வெளியே தெரியாத, ஆனால் இன்று பழைய 911 வாங்குபவர் ஒவ்வொருவரும் நன்றி சொல்லவேண்டிய முடிவு. அதற்கு முந்தைய கார்களைத் துரு தின்றது. 1974-இல் வந்த டர்போ 3.0 லிட்டரில் 260 குதிரைத்திறன் தந்தது. ஆனால் மிதித்த கணத்தில் ஒன்றும் நடக்காது. வெளியேறும் புகை டர்போவின் சக்கரத்தைச் சுழற்றிக் காற்றழுத்தம் ஏறும்வரை காத்திருக்கவேண்டும். ஏறிய பிறகு முழுத் திறனும் ஒரே வீச்சில், பெரும்பாலும் வளைவின் நடுவே, வந்து சேரும். திணறிய ஓட்டுநர் காலை எடுத்தால் மேலே சொன்ன ஊசல் தன் வேலையைக் காட்டும். அந்தக் காருக்கு விதவைகளை உண்டாக்குவது என்ற கெட்ட பெயர் சும்மா வரவில்லை. சுவரொட்டிகளில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், பொறியியல் நோக்கில் முழுமை பெறாத பொருள் என்பதே என் மதிப்பீடு.

இதற்கிடையில் நிறுவனமே இந்தக் காரைக் கைவிட முடிவு செய்திருந்தது. 1977-இல் வந்த 928, முன்னால் நீரால் குளிரும் எட்டு சிலிண்டர் என்ஜினுடன், எல்லா வகையிலும் பகுத்தறிவுள்ள வாரிசாக நின்றது. 1981-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷூட்ஸ், பொறியியல் பிரிவின் தலைவர் ஹெல்முட் பாட்டின் அறையில் இருந்த திட்ட வரைபடத்தில் மற்ற மாடல்களின் கோடுகள் நீள, 911-இன் கோடு மட்டும் அந்த ஆண்டோடு நிற்பதைக் கண்டு, பேனாவை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டிச் சுவரிலும் இழுத்துச் சென்றதாகப் பின்னாளில் சொன்னார். 928 போய்விட்டது; 911 இருக்கிறது.

கோடு நீண்டாலும் அடிக்கட்டுமானம் 1960-களிலேயே நின்றிருந்தது. 1989 மாடலான 964 (நிறுவனம் ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளே வைக்கும் எண் இது) வெளியே பழைய முகத்தோடு வந்தாலும், உதிரிபாகங்களில் 85 விழுக்காடு புதியவை. சக்கரங்களின் அதிர்வைத் தாங்கிய முறுக்குத் தண்டுகள் போய்ச் சுருள்வில்கள் வந்தன. பவர் ஸ்டீயரிங்கும் ஏபிஎஸ்ஸும் வந்தன. பின் ஸ்பாய்லர் 80 கிலோமீட்டர் வேகத்தில் தானே எழும்பியது. கரேரா 4-இல் நான்கு சக்கரங்களுக்கும் விசை போனது. 1993-இல் அடுத்து வந்த 993-இன் பின் சஸ்பென்ஷன்தான் ஊசலுக்குக் கிடைத்த முதல் முழுமையான பதில். பல இணைப்புக் கரங்கள் கொண்ட அந்த ஏற்பாடு, பாரம் மாறும் வேளையிலும் பின்சக்கரங்கள் திசை பிசகாமல் இருக்கப் பார்த்துக்கொண்டது. தோற்றத்திலும் இதற்கு இணையில்லை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. காற்றால் குளிரும் கடைசி 911 என்பதால் இதன் விலை இன்று ஏறியிருக்கும் உயரம் மட்டும் பொறியியலுக்குச் சம்பந்தமில்லாதது.

இரசிகர்கள் அதிகம் திட்டிய தலைமுறை 1997-இல் வந்த 996. என் கணக்கில் 911-இன் வரலாற்றில் முதலாவதைவிடவும் முக்கியமானது இதுதான். காற்றுக் குளிர்ச்சியைக் கைவிட்டது துரோகம் என்று பேசுபவர்கள், அது தொடர்ந்திருக்க இயலாது என்பதை மறந்துவிடுகிறார்கள். புகை விதிகளும் இரைச்சல் விதிகளும் இறுகிவந்த காலம் அது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் இருந்தால்தான் எரிபொருளைச் சுத்தமாக எரிக்கவும் திறனைக் கூட்டவும் முடியும். நான்கு வால்வுகளை நெருக்கி அமைத்த சிலிண்டர் தலைப்பகுதியின் வெப்பத்தைக் காற்றை மட்டும் ஊதித் தணிப்பது பெரும்பாடு. நிறுவனத்தின் சொந்தப் பந்தயக் கார்களும் 1980-களின் அதிவேகக் காரான 959-ம் அதனால்தான் தலைப்பகுதியை மட்டும் நீரால் குளிர்வித்தன. தண்ணீர் உறை என்ஜினின் இரைச்சலையும் உள்ளேயே அடக்கியது. 3.4 லிட்டரில் 300 குதிரைத்திறன் எளிதாகக் கிடைத்தது.

பணத்தின் கணக்கும் இதில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நிறுவனம் கடும் நட்டத்தில் இருந்தது. புதிய தலைவர் வெண்டலின் வீடகிங், டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானிய ஆலோசகர்களை வரவழைத்துத் தொழிற்சாலையைச் சீரமைத்தார். நிறுவனத்தின் விலை குறைந்த இன்னொரு காரான பாக்ஸ்டரும் 996-ம் முன்பகுதியையும் கதவுகளையும் பகிர்ந்துகொண்டன. மிக அதிக விலை கொடுத்தவர், பக்கத்தில் நிற்கும் மலிவான காரின் முகம் தன் முகமாகவே இருப்பதைக் கண்டு கசந்தார். அந்த உருகி வழிந்த விளக்குகளைப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். கேலி பொருத்தமானதே. உட்புறப் பிளாஸ்டிக்கின் தரமும் அந்த விலைக்குத் தகாதது.

996-இன் பெரிய குற்றம் அழகு சார்ந்தது அல்ல. என்ஜினுக்குள், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளை ஓட்டும் இடைத்தண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்கிய பேரிங் சில கார்களில் தேய்ந்து உடைந்தது. உடைந்தால் வால்வுகளின் நேரம் தவறும். வால்வும் பிஸ்டனும் மோதும். என்ஜின் முழுவதும் போய்விடும். அமெரிக்காவில் இது வாடிக்கையாளர்களின் கூட்டு வழக்குவரை சென்றது. பழைய 996 வாங்க நினைப்பவர் அந்த பேரிங் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. டர்போவிலும் 1999-இல் தொடங்கிய, பந்தயத்துக்கு நெருக்கமான ஜிடி3 வகையிலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் போர்ஷேயின் என்ஜின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த, பந்தயத்தில் தேறிய பழைய அடிக்கூடு கொண்ட என்ஜின்கள் இருந்தன. மலிவாக்கிய வேகத்தில் எங்கே கவனம் தவறியது, எங்கே தவறவில்லை என்பதை ஒரே தலைமுறைக்குள் காட்டும் கார் இது.

2004-இல் 997 வந்தபோது வட்ட விளக்குகள் திரும்பின; கூட்டமும் திரும்பியது. 2008-இல் அதன் இரண்டாம் கட்டத்தில் என்ஜின் புதிதாக வரையப்பட்டு, பிரச்சினைக்குரிய இடைத்தண்டே நீக்கப்பட்டது. எரிபொருள் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. கியரைத் தானே மாற்றும், இரட்டை க்ளட்ச் கொண்ட பிடிகே கியர்பாக்ஸும் அப்போதுதான் வந்தது. நண்பர் ஒருவரின் இரண்டாம் கட்ட 997 கரேராவைக் ஜெர்மனியின் கருங்காட்டு மலைச்சாலையில் ஒரு ஞாயிறு காலை ஓட்ட வாய்த்தது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் சாலையின் ஒவ்வொரு ஒட்டுத்தாரையும் விரல்களுக்குச் சொன்னது. மூக்கு இலேசாக இருப்பது முதல் இரண்டு வளைவுகளில் அச்சமூட்டியது. பிறகு, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்து, வளைவின் நடுவிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தினால் அந்தப் பின்பாரமே சக்கரங்களைத் தரையில் ஊன்றிக் காரை வெளியே உந்துகிறது என்பது புரிந்தது. பின் என்ஜினின் நன்மை ஏட்டில் படித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. ஓட்டுநரிடம் ஒழுங்கைக் கேட்கும் கார் இது. கொடுத்தால் திருப்பித் தருகிறது.

2011-இன் 991, நுகம் எழும்பாமல் இருக்கச் செய்யப்பட்ட மிகப் பெரிய நகர்த்தல். சக்கர இடைவெளி 100 மில்லிமீட்டர் கூடி 2450 ஆயிற்று. என்ஜினோடு ஒப்பிட்டால் பின் அச்சு சுமார் 76 மில்லிமீட்டர் பின்னுக்குப் போனது. 1969-இன் தந்திரமே, அளவில் சற்றுத் தாராளமாக. ஜிடி3-க்கும் டர்போவுக்கும் பின்சக்கரங்களையும் திருப்பும் ஏற்பாடு கொடுத்தார்கள். வளைவில் என்ஜின் அசையாதபடி அதன் தாங்கிகள் இறுகி, நேர்ச்சாலையில் தளரும் வசதியும் பரவலாயிற்று. இவையெல்லாம் சேர்ந்து, சாதாரண ஓட்டுநர் இனி இந்தக் காரில் வால் வீசுவதை உணரவே போவதில்லை என்ற நிலையை உண்டாக்கின. மின்சார ஸ்டீயரிங் விரல்களுக்குச் சொல்லும் செய்தியோ மெலிந்தது. 2015-இல் சாதாரண கரேராவுக்கும் 3.0 லிட்டர் டர்போ என்ஜின் வந்தபோது ஒலியும் மெலிந்தது. 2018 இறுதியில் காட்டப்பட்ட 992-இல், முன்பு நான்கு சக்கர இயக்கக் கார்கள் போன்ற சில வகைகளுக்கு மட்டும் இருந்த அகன்ற இடுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. எடை சுமார் 1500 கிலோ. குறுகிய மலைச்சாலையில் எதிரே பேருந்து வரும்போது அந்த அகலம் தேவையில்லாத ஆடம்பரம் என்றே தோன்றும்.

2024-இன் ஜிடிஎஸ் மாடல்தான் சாலைக்கு வந்த முதல் கலப்பின (பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட்) 911. எடை ஏற்றும் வீண்வேலை என்று எண்ணித்தான் அதன் தொழில்நுட்ப விவரங்களைப் படிக்கத் தொடங்கினேன். எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. டர்போவின் புகைச் சக்கரத்துக்கும் காற்றழுத்தும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மின்மோட்டார் அமர்ந்திருக்கிறது. மிதித்த கணத்தில் அது டர்போவைச் சுழற்றிவிடுகிறது. 1974-இன் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. புகை மிகுந்தால் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சக்தியைத் திருப்பிச் சேமிக்கிறது. ஏசி கம்ப்ரஸரை மின்சாரமே ஓட்டுவதால் என்ஜினின் பெல்ட் அமைப்பு நீங்கி, என்ஜின் 110 மில்லிமீட்டர் தட்டையாயிற்று. கிடைத்த இடத்தில் மின்கருவிகள் அமர்ந்தன. கியர்பாக்ஸுக்குள்ளும் ஒரு மோட்டார். 3.6 லிட்டர், மொத்தம் 541 குதிரைத்திறன், முந்தைய ஜிடிஎஸ்ஸைவிடக் கூடிய எடை சுமார் 50 கிலோ மட்டும். 1.9 கிலோவாட் மணி கொண்ட சிறிய பேட்டரியை எங்கே வைத்தார்கள்? முன் பானெட்டுக்கு அடியில், 1969-இல் இரட்டை பேட்டரிகள் போன அதே மூக்குப் பக்கத்தில்.

இந்த மாடலிலும் குறைகள் இல்லாமல் இல்லை. கையால் மாற்றும் கியர் இதில் கிடையாது, பிடிகே மட்டுமே. ஐந்து வட்டங்களின் நடுவே என்ஜின் சுழற்சிமானியின் முள் துடிக்கும் பழைய முகப்பு போய், முழுவதும் திரையாகிவிட்டது. ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் சாவியைத் திருகிக் கிளப்பும் பழக்கத்தின் மிச்சமாக இருந்த திருகியையும் எடுத்துவிட்டு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

என்ஜினை நகர்த்தியே தீரவேண்டும் என்பவர்களுக்கு நிறுவனமே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 2017 பருவத்துக்கான 911 ஆர்எஸ்ஆர் பந்தயக் காரில், பின்புறக் காற்றோட்டத்துக்கு இடம் வேண்டி, என்ஜினைப் பின் அச்சுக்கு முன்னால் வைத்தார்கள். அதே 2017-இல்தான் பத்து இலட்சமாவது சாலை 911 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது, என்ஜின் வழக்கமான இடத்திலேயே இருக்க.

பணமும் பராமரிக்கும் பொறுமையும் உள்ளவர் ஒரே ஒரு 911 வாங்குவதானால் எது என்று கேட்டால், இரண்டாம் கட்ட 997 கரேரா, கையால் மாற்றும் ஆறு கியர்களோடு, பின்சக்கர இயக்கத்தில் மட்டும் என்பேன். அந்தக் கட்டத்தில் என்ஜினின் பலவீனம் தீர்ந்திருந்தது, உடல் இன்னும் பெருக்கவில்லை, ஸ்டீயரிங் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. டயர்களைப் பார்த்து வாங்குங்கள். பின் டயர்கள் இரண்டும் சீக்கிரம் தேயும்.